நகரத்துக் காற்றும் நம் குழந்தைகளின் மூச்சும்

(எடப்புளி நாட்டில் நடைபெற்ற கல்விக் கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இம்மலைக்கு வருவோர் முதலில் நெஞ்சு நிறைய மூச்சிழுக்கின்றனர். அதே வளைவுகளில் இறங்கிப் படிப்பும் பிழைப்பும் தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் நகரத்தில் எங்கே குடியேறுகின்றனர்? வாடகை குறைந்த இடத்தில். அங்கே வாடகை ஏன் குறைவு? பக்கத்தில் புகைபோக்கியும் குப்பை மேடும் இருப்பதால்.

வடசென்னையைப் பாருங்கள். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் 1970 முதல் 2017 வரை நிலக்கரி எரித்த அனல் மின் நிலையம். கொடுங்கையூரில் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பை. இவற்றின் நிழலில் வாழ்வோர் உழைக்கும் மக்களே.

புகையில் உள்ள நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் 30இல் ஒரு பங்கினும் சிறியது. நுரையீரலின் அடிவரை செல்லும். குழந்தை பெரியவரைவிட விரைவாக மூச்சு விடுகிறது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூச்சுக்குழல் வீங்கிச் சுருங்கினால் இரவெல்லாம் இழைப்பு. மறுநாள் பள்ளி இல்லை. இந்நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாடு 2009இல் வகுத்ததோ 40.

இலண்டனில் நெரிசல் மிகுந்த சாலையருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்னும் கறுப்பினச் சிறுமி, 2013இல் தன் 9ஆம் வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2014இல் நடந்த விசாரணை காற்றைக் குற்றஞ்சாட்டவில்லை. தாய் ரோசமுண்ட் ஓயவில்லை. ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த காற்றளவு நிலையத்தின் பதிவுகள் சான்றாயின. 2020 டிசம்பர் 16 அன்று, அவள் இறப்புக்குக் காற்று மாசும் காரணம் எனத் தீர்ப்பாயிற்று.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ஏழையின் துயருக்கு எழுத்துச் சான்று வேண்டும். நகரத்தில் வாழும் நம் இளைஞர்கள், குழந்தைக்கு இழைப்பு வந்த நாளையும் புகை சூழ்ந்த நாளையும் குறித்து வையுங்கள். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அளவுகளைக் கேளுங்கள்.

தாய்மார்களே! ஆஸ்துமா சாபமன்று, தலைவிதியுமன்று. மருத்துவர் தரும் உறிஞ்சு மருந்தை வெட்கத்தால் மறைக்காதீர்கள். இழைப்பு நின்றதும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டா. நம் வீட்டு விறகடுப்பின் புகையும் தீங்கே. கூரையில் புகை போக வழி வையுங்கள்.

எழுத்தறிவு பெற்ற நம் பிள்ளைகள், தம் மூச்சுக்காகவும் எழுதக் கற்கட்டும் என்று கூறி அமைகிறேன்.