பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புமுன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஜூன் பிறந்தால் நாச்சியாபுரத்துப் பெற்றோர் எல்லாம் காரைக்குடிக் கடைகளில்தான். பை, நோட்டு, யூனிபார்ம் எல்லாம் வாங்கிவிடுகிறோம். பிள்ளை தயாரா என்று மட்டும் பார்ப்பதில்லை.

மோட்டார் ஓடாவிட்டால் கரண்ட் வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். பிள்ளை படிக்காவிட்டால் மட்டும் உடனே 'மக்கு' என்கிறோம். இது நியாயமா?

காலி வயிறு பாடம் கேட்காது. அதனால்தான் 1956-ல் காமராஜர் மதிய உணவு தந்தார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023-ல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. வசதியான வீட்டிலோ, வேன் வந்துவிட்டதென்று பாதி இட்லியோடு ஓடுகிறது பிள்ளை! பள்ளி திறக்கப் பத்து நாள் முன்பே நேரத்தோடு தூங்கி எழுந்து, உட்கார்ந்து சாப்பிடப் பழக்குங்கள். ஐந்து வயதுக்குரிய பூஸ்டர் தடுப்பூசியையும் மறக்காதீர்கள்.

அடுத்து, கண். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு போர்டு மங்கலாகத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் போலும் என்று வாயே திறக்காது. கேள்வி கேட்டால் விழிக்கும், திட்டு வாங்கும், அப்புறம் கை தூக்கவே பயப்படும். ஒரு மூக்குக்கண்ணாடியில் தீர வேண்டியது தாழ்வு மனப்பான்மையாகிவிடுகிறது.

தம்பி தங்கைகளே, இதை நீங்களே கவனிக்கலாம். வீட்டுச் சின்னப் பிள்ளையை ஒரு கண்ணை மூடி, எதிர்ச்சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு மறு கண். திணறினால் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்டுமுன் இதைச் செய்வோம்.