பாலும் பரிசோதனையும்
(பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



பால் சங்கங்களில் எழும் சச்சரவுகளுள் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. விதவை ஒருத்தி விடியற்காலையில் தன் பசுவைக் கறந்து, நுரை அடங்குமுன் பாலைச் சங்கத்துக்கு எடுத்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காரியதரிசி லாக்டோமீட்டரை அதில் விடுகிறார். பசும்பாலில் 28-க்கும் 30-க்கும் இடையே நிற்க வேண்டிய குறி 25-இல் நிற்கிறது. பத்துப் பேர் முன்னிலையில் "ஜலம் கலந்த பால்" என்று சொல்லி அதைத் திருப்பிவிடுகிறார். அவளோ ஒரு துளி ஜலமும் சேர்த்தவளல்லள்.

லாக்டோமீட்டர் பாலின் கனத்தை மட்டும் காட்டும் ஒரு மிதவை. குறி 28 என்றால், 1000 பங்கு நிறையுள்ள ஜலம் அடங்கும் பாத்திரத்தில் அந்தப் பால் 1028 பங்கு நிறை கொள்ளும் என்று பொருள். சூடான பால் விரிந்து இலேசாகும். புதுப் பாலில் காற்றுக் குமிழிகளும் தங்கியிருக்கும். இரண்டினாலும் கருவி ஆழ்ந்து குறி இறங்கிவிடும். எந்தச் சூட்டில் பார்க்க வேண்டுமென்பது கருவியிலேயே பொறித்திருக்கும். சிலவற்றில் 60 டிகிரி பாரன்ஹீட், சிலவற்றில் 84. பசுவின் மடிச் சூடோ ஏறக்குறைய 101 டிகிரி. ஆகவே பாலை ஆறவைத்து, நுரை அடங்கியபின், நன்றாகக் கலக்கிப் பார்ப்பதே முறை. அவ்வளவு பொறுமையில்லாத காரியதரிசி அக்கருவியைத் தொடாதிருப்பது மேல்.

நேர்மையானவரைக் குற்றவாளியாக்கும் இக்கருவி, தந்திரக்காரரைத் தப்பவும் விடுகிறது. பாலிலுள்ள கொழுப்பு ஜலத்தைவிட இலேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் எஞ்சிய பால் கனத்துக் குறி ஏறும். பிறகு அளவறிந்து ஜலம் ஊற்றினால் பழைய குறிக்கே இறங்கும். இரண்டு திருட்டுகள் சேர்ந்து ஒரு யோக்கியதாபத்திரம் வாங்கிவிடுகின்றன! மாவு கரைத்துக் குறியை ஏற்றுவாரும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எளிது: பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீல நிறம் தோன்றும்.

ஏடெடுத்த சூதை வெளிப்படுத்தக் கொழுப்பையே அளக்க வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்பவர் 1890-ஆம் வருஷத்தில் இதற்கு ஒரு வழி கண்டு, தமக்கென உரிமைப் பத்திரம் எடுக்காமல் பொதுவில் விட்டார். அதையொட்டிய காலத்திலேயே ஸ்விட்ஸர்லாந்தில் கெர்பர் என்பவர் அமைத்த முறை இந்தியப் பால் சங்கங்களில் பரவிற்று.

கழுத்தில் குறியிட்ட கண்ணாடிக் குப்பியில் முதலில் 10 மில்லி லிட்டர் கந்தகத் திராவகம் விடப்படும். அதன்மேல் 10.75 மில்லி லிட்டர் பாலைப் பக்கவாட்டில் மெள்ள வழியவிட்டு, 1 மில்லி லிட்டர் அமைல் ஆல்கஹால் சேர்த்து அடைப்பார்கள். குப்பியைத் துணியில் சுற்றிக் கவிழ்த்துக் குலுக்கினால் கைபொறாத சூடு உண்டாகும். பாலைத் தயிராக்கும் கேஸீன் என்னும் சத்தைத் திராவகம் கரைத்துவிடுகிறது; கொழுப்பைக் கரைப்பதில்லை. அது தெளிவாகப் பிரிய ஆல்கஹால் உதவுகிறது. பிறகு சுழல் யந்திரத்தில் நாலைந்து நிமிஷம் சுழற்றினால் கனமானது குப்பியின் அடிக்கு ஓட, இலேசான கொழுப்பு குறியிட்ட கழுத்தில் வந்து நிற்கும். 65 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் சற்று வைத்தெடுத்துக் குறியைப் படித்தால் நூற்றுக்கு இத்தனை பங்கு கொழுப்பு என்பது கணக்கின்றியே தெரியும். திராவகம் கடுமை மிகுந்திருந்தால் கரிந்த துகள்கள் தோன்றும். குறைந்திருந்தால் வெண்துகள்கள் நிற்கும். இரண்டிலும் அச்சோதனை செல்லாது, மறுபடி செய்யவேண்டும்.

திராவகத்தை வாயால் உறிஞ்சி எடுக்கலாகாது. மேலே பட்டால் உடனே ஏராளமான ஜலம் விட்டுக் கழுவ வேண்டும்.

சோதனை எவ்வளவு நுட்பமாயினும், மாதிரி தவறினால் யாவும் தவறு. நின்ற பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். மேலாக முகந்தால் கொடுத்தவருக்கு லாபம். அடியில் முகந்தால் நஷ்டம். ஆகையால் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றியபின்பே மாதிரி எடுக்கவேண்டும். இன்னொன்று: கறவையில் முதற்பாலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் மிகுதி. கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டு முதற்பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவருபவர் குறி குறைந்ததென்று காரியதரிசியைக் கோபித்துப் பயனில்லை. கன்றுக்கு முதலில் சிறிது விட்டு, கடைசிவரை ஒட்டக் கறப்பதே வழி.

குஜராத்தில் கெய்ரா ஜில்லாவில் 1946-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பால் உற்பத்தியாளர் யூனியனைச் சேர்ந்த கிராமச் சங்கங்கள் கொழுப்பின்படி விலை கொடுத்தன. இப்போது பல சங்கங்களில் மின்சாரக் கருவி ஒரு நிமிஷத்தில் விடை சொல்கிறது. அக்கருவி சரியா என்று பார்க்கவும் கெர்பர் குப்பியே துணை. குறியில் சந்தேகமுள்ள அங்கத்தினர் பாலை விட்டுச் செல்லுமுன்பே, தம் கண்ணெதிரில் மாதிரியைக் கலக்கி இரண்டாவது குப்பி வைக்கும்படி கேட்கலாம்.