ஈரலில் கொழுப்பு: கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி



மலேசியாவின் பூச்சோங் வட்டாரத்தில், பூச்சோங் பெர்டானாவிலோ பண்டார் புத்ரியிலோ ஒரு கிளினிக்கில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் வரி ஒன்று உண்டு: "ஃபேட்டி லிவர், கிரேட் 1". வீட்டுக்கு வந்ததும், "லேசாகத்தான் இருக்கிறதாம், இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அறிக்கை அலமாரிக்குள் போய்விடும்.

உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேர் ஈரலில் கொழுப்போடு வாழ்கிறார்கள். ஆகவே, அது பலருக்கும் வருவது என்பது பொய்யல்ல. ஆனால் "கொழுப்பு இருக்கிறதா?" என்பது முதல் கேள்விதான். "தழும்பு விழுந்திருக்கிறதா?" என்பது இரண்டாவது. ஒருவருடைய எதிர்காலத்தைச் சொல்வது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். பலர் அதைக் கேட்பதே இல்லை.

ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஈரல் திசுக்களை ஆராய்ந்த யூர்கன் லுட்விக், 1980-இல் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களின் ஈரல், குடிகாரர்களின் ஈரலைப் போலவே இருந்தது. அவர்களோ குடிப்பழக்கம் உள்ளவர்கள் அல்லர். பெரும்பாலோர் பருமனானவர்கள்; பலருக்கு நீரிழிவு இருந்தது. அந்த நோய்க்கு அதுவரை பெயரே கிடையாது.

அப்படியானால் இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ப் பலகாரத்திலிருந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடையாளமிட்ட அணுக்களைச் செலுத்தி இதைக் கணக்கிட்டது. ஈரலில் சேர்ந்த கொழுப்பில் 59 விழுக்காடு, வயிறு போன்ற இடங்களில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து இரத்தம் வழியாக வந்தது. 26 விழுக்காட்டைச் சீனியிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் ஈரலே தயாரித்துக்கொண்டது. உண்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடு மட்டுமே. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது முதல் இரண்டு வரவுகளும் பெருகுகின்றன. அதனால்தான் கொழுப்பு ஈரலும் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவும் கூட்டாளிகளாகவே திரிகின்றன. 2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர்.

"நான் ஒல்லிதானே" என்று சிலர் நினைக்கலாம். புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே எடைக்குள் தசை குறைந்து கொழுப்பு கூடிய இந்த உடல்வாகு தெற்காசியர்களிடம் பரவலாக உண்டு. ஆகவே எடைக் கருவியோடு அளவு நாடாவும் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது எச்சரிக்கை.

இதோடு வாழ்க்கைமுறையும் மாறிவிட்டது. பூச்சோங்கில் அந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். காசல்ஃபீல்டு, கின்ராரா என்பவை ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களின் பெயர்கள். இன்றும் அந்தப் பெயர்களில் தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. அங்கே விடியுமுன் நிரைக்குப் போய் மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்து போய், அலுவலகத்திலும் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள். தட்டில் சோற்றின் அளவு குறையவில்லை. அதோடு தே தாரேக்கும் மைலோவும் சிராப் பண்டோங்கும் சேர்ந்துகொண்டன. 2019 ஜூலை முதல் அரசு இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025-இல் அது 90 சென்னாக உயர்ந்தது. ஆனால் அது டின்னிலும் போத்தலிலும் அடைத்து வரும் பானங்களுக்குத்தான். மாமாக் கடையில் கலக்கிக் கொடுக்கும் தேநீரை அந்த வரி தொடுவதில்லை. அதில் ஊற்றும் கெட்டிப் பாலில் ஏறத்தாழ பாதி சீனிதான்.

கொழுப்பு நிறைந்த ஈரல் பெரும்பாலும் வலிப்பதில்லை. சிலருக்கு அது பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடும். சிலருக்கு அழற்சி வந்து, அழற்சி ஆறிய இடமெல்லாம் தழும்பாகி, கடைசியில் ஈரல் சுருங்கி இறுகிவிடும். அதற்குமேல் புற்றுநோயும் வரலாம். இனிப்பு நீரோடு குடியும் சேர்ந்தால் இந்தப் பாதை இன்னும் குறுகும்.

தழும்பைத் தேட முதல் படி, செலவு குறைந்த ஒரு கணக்கு. நேயர்கள் பேனா எடுத்துக்கொள்ளலாம். இரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் என மூன்று எண்கள் வரும். வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். 45 வயதுக்காரர் ஒருவருக்கு ஏஎஸ்டி 40, ஏஎல்டி 64, பிளேட்லெட் 225 என்றால் விடை 1. இது 1.3-க்குக் கீழே இருப்பதால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. அவருக்கே ஏஎஸ்டி 60 ஆகி, பிளேட்லெட் 150-க்கு இறங்கினால் விடை 2.25. அப்போது ஃபைப்ரோஸ்கேன் கருவியால் ஈரலின் இறுக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எல்லைக்கோடு 1.3 அல்ல, 2. இந்தக் கணக்கின் பெயர் ஃபிப்-4. மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

சிகிச்சையில் இன்றும் முதலிடம் எடைக் குறைப்புக்குத்தான். கியூபாவின் ஹவானாவில் 293 நோயாளிகள் ஓராண்டு உணவையும் நடையையும் சீர்செய்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஊசியால் ஈரல் துணுக்கு எடுத்துப் பார்க்கப்பட்டது. எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி நோய் மறைந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 8 கிலோ. 5 விழுக்காடு குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கிவிடும். ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 விழுக்காடும் பலன் தரும். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்குவது மட்டும் கூடாது. அது ஈரலுக்கே கேடாகலாம்.

மருந்துகளும் வந்துவிட்டன. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைட் ஊசிக்கும் அனுமதி தந்தது. இரண்டுமே அழற்சியோடு நடுத்தரமான அல்லது முற்றிய தழும்பு விழுந்தவர்களுக்கு. ஈரல் முழுதும் இறுகிப்போனவர்களுக்கு அல்ல. மூலிகைகளைப் பொறுத்தவரை, மலாயா பல்கலைக்கழகத்தில் வா கியோங் சான் குழுவினர் 99 பேரிடம் சிலிமாரின் என்ற பால் முட்செடிச் சாற்றைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஈரல் நோயின் மொத்த மதிப்பெண்ணைக் குறைப்பதில், வெற்று மாத்திரையைவிட அது தெளிவாக மேலாக இல்லை. தழும்பு குறைந்ததற்கு மட்டும் சில அறிகுறிகள் தென்பட்டன. அதை உறுதிசெய்யப் பெரிய ஆய்வு வேண்டும் என்றார்கள். விலை கொடுத்து வாங்கும் "ஈரல் சுத்திகரிப்பு" பொட்டலங்களுக்கு இந்த அளவு சோதனைகூட நடந்திருப்பதில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடையில் "தே ஓ கொசோங்" என்று சொன்னால் பாலும் சீனியும் இல்லாமல் வரும். அது கசந்தால் "குராங் மானிஸ்" என்று தொடங்கலாம். சீனி சேர்க்காத காப்பி நாளுக்கு இரண்டு மூன்று குவளை குடிப்பவர்களுக்கு ஈரலில் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. காலையில் ஏறப் பூச்சோங்கிலேயே புக்கிட் வாவாசான் குன்று இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் வீட்டைச் சுற்றி நாளுக்கு அரைமணி நேர வேகநடை போதும். எடை இறங்காவிட்டாலும் நடையால் ஈரல் கொழுப்பு ஓரளவு குறையும்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானத்தினருக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, பருமன் இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளவர்கள், அலமாரியில் வைத்த பழைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய், ஃபிப்-4 கணக்கைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.