பேதுரு எழுந்து போன பந்தி



சகவாச தோஷம் என்றதும் நம் விரல் எங்கே நீளுகிறது? மலைக்கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுகிற கூட்டாளியை நோக்கி, டாஸ்மாக் வாசலில் நிற்கிறவனை நோக்கி, பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில் பிள்ளைக்குக் கிடைத்த சிநேகிதர்களை நோக்கி. எப்போதும் வெளியே! திருடன் வீட்டுக்குள் இருக்க, நாம் வாசலில் காவல் நிற்கிறோம்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் கெட்ட சகவாசம் பற்றி எச்சரித்த பவுல், அதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் என்ன சொல்கிறார்? வெளியாரோடு பழகவே கூடாதென்றால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு பாவத்தில் நடக்கிறவனோடுதான் சாப்பிட உட்காராதே என்கிறார். இதைப் படிக்கும்போது நமக்கு ஏன் வேர்க்கவில்லை?

அந்தியோகியாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பேதுரு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாவும் இழுபட்டார். பர்னபா! புறஜாதியாருக்குச் சுவிசேஷம் சொல்லப் பவுலோடு ஊர் ஊராய் நடந்தவர்! அவரைக் கெடுத்தவன் குடிகாரனா, சூதாடியா? அப்போஸ்தலன். மூத்தவர் ஒருவர் இலையை விட்டு எழுந்தால் போதும், சின்னவன் பிரசங்கம் இல்லாமலே பாடம் கற்றுக்கொள்கிறான்.

நம் தமிழ்ச் சபையில் அந்தப் பந்தி இன்னும் கலைந்தேதான் கிடக்கிறது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது என்று கண்டித்து எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, ஆராதனையை விட்டார்கள்! வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்றும் உருகிப் பாடுகிறோம். நானும் பாடுகிறேன். அவ்வளவு பக்தியுள்ள மனிதரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார் என்றால், கூட இருந்தவர்களின் பலம் எவ்வளவு என்று பாருங்கள்.

பழங்கதை என்கிறீர்களா? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் செத்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008-இல் கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள் போயின. அது ஆர்.சி. சபையின் சங்கதி என்று நகராதீர்கள். மணமகள் தேவை என்று நாம் கொடுக்கிற விளம்பரத்தில் இரட்சிக்கப்பட்டவள் என்பது முதலில் வருகிறதா, சாதி முதலில் வருகிறதா?

இன்னும் கிட்டே வருகிறேன். 2012 நவம்பர் 7. நம் தர்மபுரி மாவட்டம். ஒரு காதல் கல்யாணத்தைக் காரணமாக வைத்து நத்தம் காலனியிலும், அண்ணா நகரிலும், கொண்டம்பட்டியிலும் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். மறுநாள் டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உங்கள் வாயிலிருந்து வந்தது வேதத்தின் பேச்சா, தெருவின் பேச்சா? கூட இருந்தவன் சொன்னதற்குத் தலையாட்டினீர்களா, இல்லையா?

ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா என்கிறார்கள் சிலர். வாழுங்கள்! சந்தையில் ஒத்து வாழுங்கள், வயல் வேலையில் ஒத்து வாழுங்கள், அடுத்த வீட்டு அம்மன் பண்டிகைக்காரரின் துக்கத்தில் முதல் ஆளாய்ப் போய் நில்லுங்கள். அவரோடு பழகி யாரும் விசுவாசத்தை இழந்துவிடப் போவதில்லை. சொந்த சாதிக்காரனோடு மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இழந்திருக்கிறோம்.

பவுல் பேதுருவைத் தனியே கூப்பிட்டுக் காதில் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டார். நானும் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். இந்த மேடையில் இருக்கும் பாஸ்டர்மாரே, மூப்பர்மாரே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: சாதி பார்த்துப் பந்தி, கல்லறை, சம்பந்தம் பிரிக்கிற எவருக்கும் சபைப் பொறுப்பு இல்லை. கையைத் தூக்கச் சொல்லுங்கள். யார் கை தூக்கவில்லை என்று உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும்.