ஏழைக்கும் எட்டும் ஆவணம்

பொது ஆவணங்கள் யாருக்குச் சொந்தம்? மக்களுக்கே என்று தயங்காமல் விடை கூறலாம். அங்ஙனமாயின், அவற்றைக் காண மக்கள் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்? மாணவ நண்பர்களே, இதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தகவல் பெறும் உரிமைக்கு 1997-இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. இப்பொழுது நம் மாநிலத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்தில் ஒட்டினாலும் போதும்.

சிறு தொகைதானே என்று தோன்றும். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்த சிட்லப்பாக்கம், செம்பாக்கம் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே ஏரியை அடுத்து வாழும் ஏழைக் குடும்பம் ஒன்று, தன் மனை ஏரி எல்லைக்குள் அடங்குமா என்று அறிய விரும்புவதாகக் கொள்வோம். ஆவணம் 100 பக்கமாயின் நகலுக்கே 200 ரூபாய் ஆகும். வீடு நிலைக்குமா என்பதற்கான விடையோ அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

சட்டம் இதனை மறக்கவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோரிடம் கட்டணம் பெறலாகாது என்று 7-ஆம் பிரிவு கூறுகிறது. 30 நாள் கெடு தவறினால், கேட்டவர் செல்வராயினும் தகவலை இலவசமாகவே தர வேண்டும் என்பதும் அப்பிரிவின் விதி. அலுவலகத்தின் தாமதத்துக்குக் குடிமகன் விலை கொடுக்க வேண்டியதில்லை அன்றோ? சில அமைப்புகள் மிகுதியான கட்டணம் விதித்ததை எதிர்த்த வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு கட்டிற்று. விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்க்கும், பக்கத்துக்கு 5 ரூபாய்க்கும் மேல் பொதுவாகப் பெறலாகாது என்பது அத்தீர்ப்பு.

ஆயினும் ஒரு குறை உண்டு. விலக்குப் பெற வறுமைக்குச் சான்று இணைக்க வேண்டும். அதற்காக அலைந்து ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு, 10 ரூபாய்ச் சலுகையால் என்ன பயன்? மக்களுக்கு வேண்டிய ஆவணங்களை, அவர்கள் கேளாமுன்னரே அலுவலகங்கள் வெளியிடுதல் வேண்டும். சட்டத்தின் 4-ஆம் பிரிவு விரும்புவதும் அதுவே. அவ்வாறு செய்தால் கட்டணப் பேச்சே எழாது என்பது என் கருத்து.

அதுவரை, கற்ற நீங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பதிவேட்டை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. முதலில் பார்த்துவிட்டு, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்கலாம். இதனை அறியாத அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுங்கள். கட்டண விலக்கு என்பது அரசு இடும் பிச்சையன்று. சட்டம் அளித்த உரிமை. அறிந்தவர் சொன்னால்தான் அது அறியாதவரைச் சென்றடையும்.