உடை இதழும் பக்க அமைப்பும்



ஆடை வடிவமைப்பு இன்று கல்லூரிகளில் ஒரு பாடமாக விளங்குகின்றது. அதனைப் பயிலும் மாணவர்கள் ஒன்றுகூடி, தாம் தைத்த உடைகளைப் படம் பிடித்து, 'ஃபேஷன்' இதழ் ஒன்றைப் பயிற்சியாக உருவாக்குவதுண்டு. படங்கள் வந்து சேர்ந்ததும் ஒரு சிக்கல் தோன்றும். பக்கங்களோ பதினாறு, படங்களோ அறுபது என்று வைத்துக்கொள்வோம். எவருடைய உழைப்பையும் ஒதுக்க மனம் வராது. ஆகவே பக்கத்துக்கு நான்கு, ஐந்து என்று படங்களை நெருக்கி அடைத்துவிடுவார்கள். இதழில் எல்லாரும் இருப்பார்கள். எவருடைய உடையும் கண்ணில் நிற்காது. இதற்கு வழி என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இத்துறையில் வழிகாட்டியவர்களுள் ஒருவர் அலெக்ஸி பிரோடோவிச். 1898-இல் ருஷ்யப் பேரரசில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் பாரிஸில் வாழ்ந்து, 1930-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆசிரியரானார். 1934-இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் ஆசிரியை கார்மெல் ஸ்னோ, அவருடைய திறனைக் கண்டு, இதழின் கலைப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். 1958 வரை அவர் அப்பணியில் இருந்தார். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் அவரிடம் பயின்றவரே.

பிரோடோவிச் செய்தவை யாவை? எதிரெதிரே அமைந்த இரண்டு பக்கங்களை ஒரே களமாகக் கொண்டார். ஒரே படத்தைப் பல அளவுகளில் நகலெடுத்து, வைத்தும் மாற்றியும் பார்த்தார். பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, இதழ் முழுவதன் ஓட்டத்தையும் நோக்கினார். யாவற்றினும் மேலாக, படத்தைச் சுற்றி வெள்ளை இடத்தைத் தாராளமாக விட்டார். அவ்விடம் வீண் அன்று. உரக்கப் படிப்பவன் உரிய இடத்தில் நிறுத்தினால் அன்றோ கேட்பவனுக்குப் பொருள் விளங்கும்? அதுபோலவே, வெள்ளை இடம் கண்ணை உடையின்பால் கொண்டு சேர்க்கின்றது.

இனி, நம் பதினாறு பக்க இதழுக்கு வருவோம். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். எனவே நடுவே கம்பித் தையல் இடும் இதழின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே அமையும். முதலில் நான்கு வெற்றுத் தாள்களை மடித்து, எண்ணிட்டு, மாதிரி ஒன்று செய்துகொள்ளுங்கள். முன்னட்டையும் பின்னட்டையும் நீங்கினால் எஞ்சுபவை ஏழு இரட்டைப் பக்கங்கள். ஏ4 அளவாயின் ஒவ்வொன்றும் 420 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உள்ள களம். ஒரு களத்துக்கு ஒரு படமே தலைமை தாங்கட்டும். ஏனையவை அதற்குத் துணையாக நிற்கட்டும்.

சில நுட்பங்களையும் கருத்திற் கொள்க. படத்தில் உள்ளவரின் முகம் நடுமடிப்பில் விழலாகாது. அவர் பார்வை பக்கத்தின் உட்புறம் நோக்கியிருப்பது பெரும்பாலும் நன்று. தாளின் விளிம்பு வரை செல்லும் படத்துக்கு, வெட்டுவதற்கென்று 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுதல் அச்சகத்தார் வழக்கம். எழுத்து வகைகள் இரண்டு போதும்: தலைப்புக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று. பட்டுச் சரிகையின்மீதும் கட்டம் போட்ட துணியின்மீதும் எழுத்தை அச்சிட்டால் துணியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. படக்குறிப்பில் துணியின் பெயரும் தைத்தவர் பெயரும் தவறாது இடம் பெறட்டும்.

தலைமைப் படங்களைத் தேர்ந்தெடுப்பது யார்? இங்கேதான் நட்பும் மனத்தாங்கலும் குறுக்கிடும். எனவே பெயர்களை மறைத்து, படங்களைத் தரையில் பரப்பி, குழுவினர் அனைவரும் கூடிப் பாருங்கள். "இது நன்றாயிருக்கிறது" என்றால் போதாது. வெட்டும் தையலும் தெளிவாகத் தெரிகின்றனவா, துணியின் இயல்பு புலப்படுகின்றதா எனக் காரணம் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

விடுபட்டவர்களுக்கு என்ன நீதி? கடைசி இரட்டைப் பக்கத்தை அவர்களுக்கும் உரியதாக்குங்கள். குறுக்கே பத்தும் கீழ்நோக்கி ஆறுமாகக் கட்டம் வகுத்தால் அறுபது உடைகளும், தபால் தலையினும் சற்றுப் பெரிய அளவில், ஒன்றுபோல் அமைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிசையாதலால் மடிப்பும் எந்தப் படத்தையும் வெட்டாது. ஒவ்வொன்றின் கீழும் தைத்தவர் பெயர் இருக்கட்டும். முன் உள்ள ஆறு களங்களில் சில உடைகள் நன்கு விளங்கும். இறுதிக் களத்தில் எல்லாருடைய உழைப்பும் பதிவாகும்.

இன்று கணிப்பொறித் திரையில் ஒரு நொடியில் படத்தைச் சுருக்கலாம், பெருக்கலாம். எதைப் பெருக்குவது, எதை விடுவது என்னும் தீர்ப்பை மட்டும் நீங்களே வழங்க வேண்டும். பிறர் உழைப்பை மதித்துக்கொண்டே தேர்ந்தெடுக்கும் அப்பயிற்சி, இதழ் முடிந்த பின்னரும் உங்களுக்கு உதவும்.