பறவை பாடப்புத்தகம் படிப்பதில்லை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுங்க, எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, சம்பளத்தைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்றார் சங்கச் செயலாளர். ஆகவே பறவையைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் வேலை பார்ப்பது காற்றாலைக்கு இறக்கை செய்யும் இடத்தில். புதிதாக ஆள் எடுக்கும்போது நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று: "பருந்தை மேலே தாங்குவது எது?" முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகள்கூட ஒரே பதிலை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இறக்கையின் மேல்புறம் வளைவு. அதனால் மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகிற காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். எனவே வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும், இது பெர்னோலி விதி, முடிந்தது.

இதில் பெர்னோலி சொன்னது சரி. ஆனால் நடுவிலே ஒரு பொய் இருக்கிறது. இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பிரிந்து போன அண்ணன் தம்பியா, திரும்பச் சந்திப்பதற்கு? காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுப் பார்த்தால், மேலே போன காற்று முந்திக்கொண்டு போயே போய்விடுகிறது. கீழே வந்தது பின்தங்கிவிடுகிறது. அது போகட்டும், காகிதத்தில் மடித்து வகுப்பறையில் விடுகிறோமே, அந்த ராக்கெட்டின் இறக்கையில் வளைவு ஏது? சாகச விமானம் தலைகீழாகப் பறக்கிறதே, எப்படி?

ஓடுகிற காரின் ஜன்னல் வழியாக உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்து நீட்டினால் கை தானாக மேலே எழும். (எதிரே லாரி வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இறக்கை செய்வதும் அதுதான். கீழ்ப்புறம் காற்றைத் தள்ளிவிடுகிறது; மேல்புறத்துக் காற்று வளைவைத் தழுவிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்புகிறது. காற்று வளைந்து ஓட வேண்டுமானால், வளைவுக்கு வெளியே அழுத்தம் அதிகமாகவும் இறக்கையை ஒட்டிக் குறைவாகவும் இருந்தாக வேண்டும். அந்த அழுத்தக் குறைவுதான் பறவையைத் தூக்குகிறது. நியூட்டன் கட்சி, பெர்னோலி கட்சி என்று சண்டை போடத் தேவையே இல்லை. இரண்டும் ஒரே கணக்கை இரண்டு பக்கத்திலிருந்து எழுதியதுதான்.

இதில் அப்படி என்ன முக்கியம் என்று கேட்கலாம். பாடப்புத்தகப் பதிலில் சாய்வுக் கோணத்துக்கு இடமே இல்லை. உயிர் போவது அந்தக் கோணத்தில்தான். சாதாரண இறக்கையைச் சுமார் 15 டிகிரிக்கு மேல் சாய்த்தால், மேலே ஓடும் காற்று இறக்கையைத் தழுவாமல் பிய்த்துக்கொண்டு போகும். தூக்குவிசை சட்டென்று விழும். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறோம். நாரைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1889-இல் பறவைப் பறத்தலைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியெந்தால். 1896 ஆகஸ்டில் அவருடைய கிளைடர் நடுவானில் ஸ்டால் ஆகிச் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது, மறுநாள் இறந்துபோனார்.

காக்கைக்கு இது நன்றாகத் தெரியும். ஹாஸ்டல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அது வந்து உட்காருவதைப் பாருங்கள். வேகத்தைக் குறைக்க உடம்பை நிமிர்த்தி இறக்கையை அதிகமாகச் சாய்க்கிறது. அந்த நேரம் இறக்கையின் முன்விளிம்பில், நம் கட்டைவிரல் மாதிரி, ஒரு சின்ன இறகுக் கொத்து விலகி நிற்கும். அந்த இடுக்கு வழியாக வரும் காற்று, மேல்புறத்து ஓட்டம் பிய்ந்து போகாமல் பிடித்து வைக்கிறது. விமானம் தரையிறங்கும்போது இறக்கையின் முன்பக்கத்தில் ஒரு பட்டை நீண்டு வருகிறதே, கிட்டத்தட்ட அதே வேலை.

இனி எடையைத் தாங்கும் கணக்கு. தூக்குவிசை காற்றின் அடர்த்திக்கும், இறக்கைப் பரப்புக்கும், வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். பட்டைத்தலை வாத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டரை கிலோ எடை, கால் சதுர மீட்டர் இறக்கை என்று வைத்தால், தரைமட்டத்தில் விநாடிக்கு 16 மீட்டர் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 58 கிலோமீட்டர், வசதியாகப் போதும். இறக்கை கீழே வரும்போது அதன் நுனிப்பகுதி முன்னோக்கியும் இழுக்கிறது, அதுதான் எஞ்சின். உடலை ஒட்டிய பகுதி தூக்கும் வேலையைப் பார்க்கிறது. மேலே போகும்போது இறக்கையைப் பாதி மடக்கிக்கொள்கிறது.

மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் இந்த வாத்து, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரைக்கும் வருகிறது. 7,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பாதிக்கும் கீழே. அதே எடையை அதே கோணத்தில் தாங்க வேகம் 1.4 மடங்காக வேண்டும். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். செலவு கூடுகிறது, வரவு குறைகிறது. நம்ம மாசக் கடைசி மாதிரி.

அது எப்படிச் சமாளிக்கிறது? கருவி பொருத்திக் கண்காணித்ததில் ஒரு வாத்து 7,290 மீட்டர் வரை போனது பதிவாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான நேரம் அதைவிட மிகத் தாழ்வாகத்தான் பறக்கின்றன. ஒரேயடியாக மேலே ஏறி நேர்க்கோட்டில் போவதில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, மறுபடி ஏறுகின்றன. ஏறின உயரத்தை எதற்கு வீணாக விட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். 2015-இல் வெளியான ஆய்வில், இதயத் துடிப்பையும் இறக்கை அடிப்பையும் சேர்த்து அளந்து பார்த்ததில், வாத்தின் வழிதான் சிக்கனம் என்று தெரிந்தது. மேலே அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கையைக் கொஞ்சம் வேகமாக அடித்தாலும் செலவு வெகுவாக எகிறுகிறது. கீழே கனமான காற்றில் பறந்து மிச்சம் பிடிப்பது, திரும்ப ஏறுகிற செலவையும் ஈடுகட்டிவிடுகிறது. சரிவில் மோதி மேலெழும் காற்று கிடைத்தால் அது இனாம்.

ஜனவரியில் கூந்தன்குளம் போனால் அந்த வாத்துகளைப் பார்க்கலாம். தலையின் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை, அடையாளம் சுலபம். பைனாகுலர் இல்லாதவர்கள் மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டில் கெஞ்சிப் பாருங்கள். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. கேள்வி இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரலாம்.